எசேக்கியேல் 4-ஐ வைத்து 1948 மே மாதத்தைக் கண்டுபிடிக்கும் கணக்கு சரிதானா?

கேள்வி: நெல்லை வாசகன்

அனைவருக்கும் ஸ்தோத்திரம். வாலிபர் வேதபாட வகுப்புக்காக ஒரு கணக்கைச் சரிபார்க்க வேண்டும். வாட்ஸ்அப்பில் பல வருஷமாகச் சுற்றி வருவதுதான், உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள்.

எசேக்கியேல் இடதுபக்கம் 390 நாளும் வலதுபக்கம் 40 நாளும் ஒருக்களித்துப் படுக்கிறார். ஒரு நாள் என்பது ஒரு வருஷம், ஆக 430 வருஷத் தண்டனை. பாபிலோன் சிறையிருப்பில் 70 கழிந்தது, மீதி 360. ஜனங்கள் மனந்திரும்பாததால் லேவியராகமம் 26:18-இன்படி அது ஏழு மடங்காகி 2520 வருஷம் ஆகிறது. தீர்க்கதரிசன வருஷத்துக்கு 360 நாள் என்பதால் 2520 × 360 = 907,200 நாள். அதை 365.25-ஆல் வகுத்தால் 2483.8 சூரிய வருஷம். சிறையிருப்பு முடிந்தது கி.மு. 536 வசந்தகாலம், அதாவது 536.4. எனவே 2483.8 − 536.4 = 1947.4. கி.மு.வுக்கும் கி.பி.க்கும் நடுவே பூஜ்ய வருஷம் இல்லாததால் 1 கூட்டினால் 1948.4. இஸ்ரவேல் தேசம் பிறந்த மே மாதம்!

இதில் கூட்டல் கழித்தல் சரியா? வசனங்கள் இதற்கு இடம் கொடுக்கின்றனவா? கணக்கு தவறு என்றால், 1948-க்கும் தீர்க்கதரிசனத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று ஆகிவிடுமா? கடைசிக் கேள்விதான் பிள்ளைகள் கண்டிப்பாகக் கேட்கப் போவது.

பதில் 1: எஸ்றாவின் எழுதுகோல்

கணக்கை மட்டும் முதலில் எடுத்துக்கொள்கிறேன். பெருக்கலும் வகுத்தலும் சரி. தப்பு நடப்பது "536.4" என்ற இடத்தில்.

கி.மு. வருஷ எண்கள் இறங்கிக்கொண்டே வரும். ஆனால் ஒரு வருஷத்துக்குள் மாதங்கள் எப்போதும்போல முன்னோக்கித்தான் ஓடும். இந்த வாய்ப்பாட்டில் கி.மு. 536 ஜனவரி 1 என்பது 536.0. அந்த வருஷத்தின் டிசம்பர் கடைசி 535.0. அப்படியானால் 536-இன் வசந்தகாலம் 535.7 அளவில் வர வேண்டும். 536.4 என்று எழுதினால் அது 536-க்கு முந்தின வருஷத்துக்குப் போய்விடும், அதாவது கி.மு. 537 ஆகஸ்ட் வாக்கில். கி.பி. தேதியை எழுதும் பழக்கத்தில் கி.மு. தேதிக்கும் அதேபோலப் புள்ளி வைத்துவிட்டார்கள். சரியான எண்ணைப் போட்டுப் பாருங்கள்: 2483.8 − 535.7 + 1 = 1949.1. மே 1948 போய்விட்டது.

தசமப் புள்ளியே வேண்டாம் என்றால் வானியல்காரர்கள் பயன்படுத்தும் ஜூலியன் நாள் எண்ணை எடுங்கள். 1948 மே 14-க்கு 2,432,686. அதில் 907,200-ஐக் கழித்தால் 1,525,486. அது ஜூலியன் நாட்காட்டியில் கி.மு. 537 ஜூலை 21. அந்த நாளில் சிறையிருப்பு முடிந்ததாக எஸ்றா புத்தகத்தில் எதுவும் பதிவாகவில்லை. எஸ்றா 3:1-இல் ஜனங்கள் எருசலேமில் கூடியது ஏழாம் மாதம், அது இலையுதிர்காலம். எஸ்றா 3:8-இல் ஆலய வேலை தொடங்கியது மறுவருஷம் இரண்டாம் மாதம். ஜூலை இரண்டுக்கும் பொருந்தாது.

அடுத்தது, கி.மு. 536 எங்கிருந்து வந்தது? முதல் சிறைபிடிப்பு 606 என்ற பழைய காலக்கணக்கிலிருந்து 70-ஐக் கழித்து வந்தது. கர்கேமிஸ் யுத்தம் நடந்து நேபுகாத்நேச்சார் பட்டத்துக்கு வந்தது 605 என்பது இப்போது பாபிலோனிய நாளாகமப் பலகையால் உறுதியாகியிருக்கிறது. பாபிலோன் விழுந்தது கி.மு. 539 அக்டோபர் 12. கோரேசின் முதலாம் வருஷம் 538 நிசானில் தொடங்குகிறது. விடுதலைக் கட்டளை வந்தது அந்த வருஷம். அதுதானே சிறையிருப்பு முடிந்த நாள்?

சரி, 538 மார்ச் கடைசியில் தொடங்கி 907,200 நாள் எண்ணினால் 1947 ஜனவரியில் முடியும். அடுத்த மாதமே பிரிட்டன் பாலஸ்தீனப் பிரச்சினையை ஐக்கிய நாடுகள் சபையிடம் விடுவதாக அறிவித்தது. 536 மே 1-லிருந்து எண்ணினால் 1949 பிப்ரவரி 22. இரண்டு நாள் கழித்து ரோட்ஸ் தீவில் எகிப்தோடு போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தானது. அதே வருஷம் ஏப்ரல் 1-லிருந்து எண்ணினால் 1949 ஜனவரி 23. இரண்டு நாளில் இஸ்ரவேலின் முதல் பொதுத் தேர்தல்! 1946-க்கும் 1949-க்கும் நடுவே எந்த வாரத்தில் விரல் வைத்தாலும் ஏதோ ஒரு பெரிய நிகழ்ச்சி பக்கத்தில் நிற்கும். "துல்லியமாகப் பொருந்துகிறது" என்பதற்கு இங்கே எடை இல்லாமல் போவது இதனால்தான். வகுப்பில் பிள்ளைகளையே மூன்று தொடக்கத் தேதிகளை வைத்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள். பத்து நிமிஷத்தில் புரிந்துகொள்வார்கள்.

360 நாள் வருஷத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெளிப்படுத்தல் 11, 12, 13 அதிகாரங்களில் 42 மாதமும் 1260 நாளும் ஒன்றாக வருவதால் மாதத்துக்கு 30 நாள் என்று எடுப்பது அந்த இடத்தில் நியாயம். ஆனால் யூதர்கள் வாழ்ந்த வருஷம் சந்திர வருஷம், 354 நாள். பருவம் தவறாமல் இருக்க 19 வருஷத்துக்கு 7 தடவை பதின்மூன்றாம் மாதம் சேர்ப்பார்கள். ஆகவே நீண்ட ஓட்டத்தில் அவர்கள் வருஷம் சூரிய வருஷத்தோடு சேர்ந்தேதான் போகும். எசேக்கியேல் "வருஷம்" என்று சொன்னபோது கேட்டவர்கள் 360 நாளை நினைத்திருக்க மாட்டார்கள். அந்த 70 வருஷத்தை மட்டும் இந்தக் கணக்குக்காரர்களே சாதாரண வருஷமாகக் கழித்துவிட்டு, மீதியை 360 நாள் வருஷமாக மாற்றுகிறார்கள் என்பதைக் கவனித்தீர்களா? ஒரே கணக்குக்குள் இரண்டு அளவுகோல்.

பதில் 2: சாலேம் வீதி

எழுதுகோல் ஐயா எண்களை முடித்துவிட்டார். என்னைப் பொறுத்தவரை தேதி சரியாக வந்திருந்தாலும் இந்தக் கணக்கு நிற்காது. காரணம் நம் தமிழ் வேதாகமத்திலேயே இருக்கிறது.

லேவியராகமம் 26-ஐத் திறந்து 18, 21, 24, 28 வசனங்களைப் பாருங்கள். பழைய மொழிபெயர்ப்பில் "ஏழத்தனை" என்ற சொல் வரும். இத்தனை, அத்தனை என்பதுபோல ஏழத்தனை: அளவைச் சொல்லும் சொல். தண்டனையின் கடுமை ஏழு மடங்காகும் என்பதே பொருள். இப்போது தானியேல் 4:16-க்கு வாருங்கள். நேபுகாத்நேச்சாரின்மேல் "ஏழு காலங்கள்" கடந்துபோகும் என்று இருக்கும். அது நேரத்தைச் சொல்லும் சொல், மூலத்தில் அரமேயு. லேவியராகமத்தில் இருப்பது வெறும் "ஏழு" என்ற எபிரெயு எண், காலம் என்ற சொல்லே அங்கே கிடையாது. பழைய ஆங்கில வேதாகமத்தில் இரண்டு இடத்துக்கும் ஒரே சொற்றொடர் வந்து விழுந்துவிட்டது. அதை மட்டும் வைத்துக்கொண்டு படித்தவர்கள் லேவியராகமத்தையும் காலக்கணக்காகப் படித்தார்கள். தமிழில் படிக்கிறவனுக்கு அந்தக் குழப்பம் வரவே கூடாது. ஆனாலும் ஆங்கிலப் பிரசங்கங்கள் வழியாக இங்கே வந்து சேர்ந்துவிட்டது.

அதே அதிகாரத்தில் அந்த ஏழத்தனை நான்கு முறை அடுக்காக வருகிறது. முதலில் மழையின்மை, பிறகு துஷ்டமிருகங்கள், பட்டயமும் கொள்ளைநோயும், கடைசியில் முற்றுகைப் பஞ்சம். காலத்தைப் பெருக்குவதாக இருந்தால் எந்த ஏழால் பெருக்குவது? நான்கு முறையுமா?

எசேக்கியேல் 4-க்கு வருவோம். அதன் காட்சி எருசலேமின் முற்றுகை. செங்கல்லில் நகரத்தை வரைந்து, இருப்புச்சட்டியைச் சுவராக நிறுத்தி, நாளொன்றுக்கு 20 சேக்கல் எடையுள்ள அப்பம், ஒரு ஹின்னில் ஆறிலொரு பங்கு தண்ணீர். 20 சேக்கல் என்றால் நம் கணக்கில் கால் கிலோவுக்கும் குறைவு. முற்றுகைக்குள் அகப்பட்டவனின் பங்கீடு அது. இந்த அடையாளம் கி.மு. 593 வாக்கில் கொடுக்கப்பட்டது, நகரம் விழுந்தது 587 அல்லது 586. தீர்க்கதரிசி பேசியது சில வருஷத்தில் வரப்போகும் அந்த அழிவைத்தான்.

இன்னொன்று: 390 இஸ்ரவேல் வம்சத்துக்கு, 40 யூதா வம்சத்துக்கு. வசனம் இரண்டையும் தனித்தனியாகச் சொல்கிறது, 430 என்ற கூட்டுத்தொகை வசனத்தில் இல்லை. பாபிலோனுக்கு 70 வருஷம் போனது யூதா. வடக்கு இராஜ்யம் கி.மு. 722 வாக்கில் அசீரியாவுக்குப் போய்விட்டது. யூதாவின் சிறையிருப்பை யூதாவின் கணக்கில் கழிப்பதுதானே முறை? 40-லிருந்து 70 போனால் என்ன மிஞ்சும்? அதனால்தான் இரண்டையும் கூட்டிவிட்டுக் கழிக்கிறார்கள். கழித்துவிட்டு ஏழால் பெருக்கச் சொல்லும் வசனமும் எங்குமில்லை. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் 390-க்குப் பதில் 190 என்றே இருக்கிறது. அதை வைத்தால் மொத்தக் கணக்கும் வேறு நூற்றாண்டுக்குப் போய்விடும்.

2520 புது எண்ணும் அல்ல. அமெரிக்காவில் வில்லியம் மில்லரின் கூட்டத்தார் மனாசே பிடிபட்டதாகச் சொன்ன கி.மு. 677-லிருந்து 2520 எண்ணி 1843 என்றார்கள். பூஜ்ய வருஷம் இல்லை என்று பிறகு தெரிந்து 1844 ஆனது. 1844 அக்டோபர் 22-ஆம் தேதி ஏமாற்றத்தில் முடிந்த கதை எல்லோருக்கும் தெரியும். பிறகு வேறொரு கூட்டத்தார் கி.மு. 606-லிருந்து எண்ணி 1914 என்றார்கள். அதே பூஜ்ய வருஷத் தவறு பிடிபட்டதும் 1914-ஐ விடாமல் தொடக்கத்தை 607-க்கு நகர்த்தினார்கள். 604-லிருந்து எண்ணி 1917 என்று 1880-களிலேயே எழுதியவர்களும் உண்டு. இவர்கள் எல்லோரும் முழு சூரிய வருஷத்தை எடுத்தார்கள். 1948-க்குக் கொண்டுவர மட்டும் வருஷத்தை 360 நாளாகச் சுருக்க வேண்டியிருந்தது. ஒரே எண், நான்கு முடிவு.

பதில் 3: கேபார் நதி

மேலே இருவரும் சொன்ன பிழைகளை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கணக்கோடு சேர்த்துக் குழந்தையையும் தண்ணீரோடு கொட்டிவிட வேண்டாம். யூதர்கள் தங்கள் தேசத்துக்குத் திரும்புவார்கள் என்று நம்பியவர்கள் நாள் எண்ணித்தான் நம்பினார்கள் என்பதில்லை. 1864-இல் ஸ்பர்ஜன் லண்டனில் எசேக்கியேல் 37-ஐ எடுத்து யூதரின் திரும்புதலையும் மனமாற்றத்தையும் பற்றிப் பிரசங்கித்தார். அப்போது அந்த நிலம் ஒஸ்மானியர் கையில். முதல் சீயோனிய மாநாடு பாசலில் கூடவே இன்னும் 33 வருஷம் இருந்தது.

அவர்கள் பார்த்தது வசனத்தின் வரிசையை. எசேக்கியேல் 36:24-இல் முதலில் தேசங்களிலிருந்து சேர்ப்பு. அதற்குப் பிறகு 25 முதல் 27 வரை சுத்தமான ஜலம், புதிய இருதயம், ஆவி. 37-லும் அதேதான்: 8-ஆம் வசனத்தில் எலும்பு, நரம்பு, மாம்சம், தோல் எல்லாம் வந்துவிட்டது, ஆவி இல்லை. 10-ஆம் வசனத்தில்தான் உயிர். விசுவாசமில்லாத நிலையிலேயே திரும்புவார்கள், பிறகு தேவன் அவர்களைத் தொடுவார் என்று இதிலிருந்து எடுக்கிறோம். 1948 மே 14 மாலை தெல் அவீவ் அருங்காட்சியகத்தில் பென்குரியன் வாசித்த அறிக்கை பெரும்பாலும் மதச்சார்பற்றவர்கள் எழுதியது. அது எங்களுக்கு இடறலாகத் தெரியாததற்குக் காரணம் இந்த வரிசைதான்.

அதோடு ரோமர் 11. முதல் வசனத்திலேயே பவுல் கேட்கிறார், தேவன் தம்முடைய ஜனங்களைத் தள்ளிவிட்டாரோ என்று. பதில் தள்ளவில்லை என்பது. 26-ஆம் வசனத்தின் "இஸ்ரவேலரெல்லாரும்" சபையைக் குறிக்கிறது என்று எடுத்தால், அதே பத்தியில் 25-ஆம் வசனத்தின் "இஸ்ரவேல்" வேறு பொருளிலும் 26 வேறு பொருளிலும் வர வேண்டியிருக்கும். 28-ஆம் வசனம் பிதாக்களினிமித்தம் அன்புகூரப்பட்டவர்கள் என்று யாரைச் சொல்கிறது? மாம்சத்தின்படியான யூதரைத்தான்.

வகுப்பில் இதைச் சொல்லுங்கள். ஆனால் மத்தேயு 24:32-இன் அத்திமரத்தைச் சேர்க்காதீர்கள். அத்திமரம் இஸ்ரவேல், துளிர்விட்டது 1948, ஒரு சந்ததி 40 வருஷம் என்று 1988-ஐக் குறித்தவர்கள் இருந்தார்கள். பிறகு 1967-இல் தொடங்கி 2007, 70 வருஷம் வைத்து 2018, இப்போது 80 வைத்து 2028. லூக்கா 21:29-இல் அதே உவமையில் இயேசு "அத்திமரத்தையும் மற்றெல்லா மரங்களையும்" பார்க்கச் சொல்கிறார். மற்ற மரங்களெல்லாம் எந்த தேசம்?

பதில் 4: தாவீதின் கோபுரம்

கேபார் சகோதரரோடு ரோமர் 11-இல் எனக்குக் கருத்துவேறுபாடில்லை. எசேக்கியேல் 36-இல் உண்டு. அதைக் கேட்டவர்கள் கேபார் நதியண்டையில் உட்கார்ந்திருந்த சிறைப்பட்டவர்கள், அவர்கள் பிள்ளைகள் திரும்பியும் போனார்கள். அந்தத் திரும்புதலை ஒன்றுமில்லாததாக்கிவிட்டு 1948-க்குத் தாவுவது சரியா என்பது என் கேள்வி. சீர்திருத்த சபைகளில் பலரும் அந்த வாக்குத்தத்தம் கிறிஸ்துவிலும் புதிய உடன்படிக்கையிலும் நிறைவேறுகிறது என்று படிக்கிறார்கள். வகுப்பில் இரண்டு வாசிப்பையும் வையுங்கள், ஒன்றை மட்டும் வேதம் என்று சொல்லாதீர்கள்.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. அந்த 2520 வருஷத்துக்குள் என்ன நடந்தது என்று யாரும் பார்க்கவில்லை. கி.மு. 142 வாக்கில் மக்கபேயரான சீமோனின் காலத்தில் யூதேயா சுதந்தரமடைந்தது. கி.மு. 63-இல் பொம்பேயு எருசலேமுக்குள் வரும்வரை, ஏறக்குறைய 80 வருஷம், யூதர்களுக்குச் சொந்த அரசு இருந்தது, சொந்த நாணயம் இருந்தது. தண்டனை தொடர்ந்து ஓடியதாகச் சொல்லும் கணக்கில் இந்த 80 வருஷத்தை எங்கே வைப்பது? இந்த ஒரு கேள்விக்கே அந்தக் கணக்கு பதில் சொல்லாது.

சிதறல் முழுவதும் சிலுவைக்கான தண்டனை என்ற பேச்சும் இதோடு ஒட்டிக்கொண்டு வரும், அதையும் திருத்துங்கள். அப்போஸ்தலர் 2:9-11-ஐ வாசியுங்கள்: பார்த்தர், மேதர், எகிப்து, லிபியா, ரோம், கிரேத்தா, அரபியா. பெந்தெகொஸ்தே நாளிலேயே யூதர்கள் எல்லா இடத்திலும் இருந்தார்கள். எகிப்தின் எலெபன்டைனில் கி.மு. 5-ஆம் நூற்றாண்டிலேயே யூதப் படைக்குடியிருப்பு இருந்தது. மறுபக்கம், கி.பி. 70-இல் ஆலயம் எரிந்த பிறகும், 135-இல் பார் கோக்பாவின் கலகம் நசுக்கப்பட்ட பிறகும் கலிலேயா காலியாகவில்லை. யூதரின் வாய்மொழிச் சட்டத் தொகுப்பான மிஷ்னா தொகுக்கப்பட்டது அங்கேதான், 200 வாக்கில்.

"தேவனால் தண்டிக்கப்படும் ஜனம்" என்று சபை சொல்லிக்கொண்டே இருந்ததன் விளைவைச் சரித்திரம் எழுதி வைத்திருக்கிறது. 386, 387-இல் அந்தியோகியாவில் கிறிசொஸ்தோம் யூதருக்கு விரோதமாகச் செய்த பிரசங்கங்கள். 1096-இல் சிலுவைப்போர்க் கூட்டம் ரைன் நதிக்கரையில் வோர்ம்ஸ், மைன்ஸ் நகரங்களின் யூதர்களைக் கொன்றது. 1290-இல் இங்கிலாந்து, 1492-இல் ஸ்பெயின் அவர்களைத் துரத்தியது. இப்போது அந்த 907,200 நாளைப் பாருங்கள். தண்டனைக்காலம் 1948-இல் முடிகிறதென்றால், ஹிட்லரின் ஆட்சியில் கொல்லப்பட்ட 60 லட்சம் பேர் அந்தத் தண்டனையின் கடைசி வருஷங்களில் வந்து விழுகிறார்கள். கணக்கை அனுப்புகிறவர்கள் இதை நினைத்து அனுப்புவதில்லை. ஆனால் கணக்கு அதைத்தான் சொல்கிறது. லேவியராகமம் 26:44, சத்துருக்களின் தேசத்திலும் நான் அவர்களை வெறுக்கவும் கைவிடவும் மாட்டேன் என்று முடிவதை யாரும் ஸ்லைடில் போடுவதில்லை. ரோமன் கத்தோலிக்க சபை 1965 அக்டோபர் 28 அறிக்கையில், யூதரை சபிக்கப்பட்டவர்களாகவோ தள்ளப்பட்டவர்களாகவோ காட்டக்கூடாது என்று வெளிப்படையாகவே எழுதிவிட்டது.

1948-ஐச் சொல்லும்போது இக்ரித், பிரீம் என்ற இரண்டு கிராமங்களையும் சொல்லுங்கள். கலிலேயாவின் கிறிஸ்தவ அரபுக் கிராமங்கள். அந்த வருஷக் கடைசியில் வெளியேற்றப்பட்டார்கள், திரும்பிப் போய்க் குடியிருக்க விடப்படவில்லை. நம் விசுவாசத்தின் குடும்பத்தார் அவர்களும்.

நெல்லை வாசகன்

எல்லோருக்கும் மிக்க நன்றி. கணக்கு ஸ்லைடை எடுத்துவிட்டு, அதே இடத்தில் மூன்று தொடக்கத் தேதிப் பயிற்சியை வைக்கிறேன். ஏழத்தனை, ஏழு காலங்கள் வேறுபாட்டைப் பலகையில் எழுதிக் காட்டுவேன். ஒரு சந்தேகம் மட்டும்: எழுதுகோல் ஐயா சொன்னபடி 605-லிருந்து 538 வரை 67 வருஷம்தானே வருகிறது? அப்போது எரேமியாவின் 70?

எஸ்றாவின் எழுதுகோல்

எரேமியா 25:11-ஐக் கவனமாக வாசியுங்கள். இந்த ஜாதிகள் பாபிலோன் ராஜாவை 70 வருஷம் சேவிப்பார்கள் என்று இருக்கிறது. 29:10-லும் பாபிலோனுக்கு 70 வருஷம். அதாவது பாபிலோனின் ஆதிக்கக் காலம். அசீரியாவின் கடைசிப் பிடி ஆரானில் நழுவியது கி.மு. 609, பாபிலோன் விழுந்தது 539. சரியாக 70.

இன்னொரு வழியும் வேதத்துக்குள்ளேயே இருக்கிறது. சகரியா 1:12-லும் 7:5-லும் 70 வருஷம் ஆலயம் இடிந்ததிலிருந்து எண்ணப்படுகிறது. 7:5-இல் வரும் ஐந்தாம் மாத உபவாசம் ஆலயம் எரிந்ததற்காக, ஏழாம் மாத உபவாசம் யூதாவில் பாபிலோன் வைத்த அதிபதி கெதலியா கொல்லப்பட்டதற்காக. 586-இல் எரிந்த ஆலயம் தரியுவின் ஆறாம் வருஷம் ஆதார் மாதம், நம் கணக்கில் 515 தொடக்கத்தில், கட்டி முடிந்தது. ஏறக்குறைய 70. 605-லிருந்து எண்ணுகிறவர்கள் 67-ஐ முழு எண்ணாக 70 என்று எடுக்கிறார்கள். பிள்ளைகளுக்கு முதல் இரண்டையும் காட்டினால் போதும், பலகையில் 609, 586, 539, 515 என்று நான்கு கோடு போட்டாலே தெளிவாகிவிடும்.